கட்டுரையின் போக்கை அறிதல்

செங்கல்லும் மரமும் சுண்ணாம்பும் ஓரிடத்தில் குவிந்து கிடந்தால், அக்குவியலை வீடு என்று எவரும் கூறார். அவை தத்தமக்குரிய இடத்தில் அமைந்து, ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதே வீடு உருவாகிறது. செய்திகளும் அத்தகையனவே. அவற்றை ஒரு முறைப்படி இணைத்து உரைப்பதே கட்டுரை. அச்சொல்லிலேயே ‘கட்டு’ என்பது அமைந்திருத்தல் காண்க.

இக்கட்டினை அறிந்து படிப்பவர் செய்தியை எளிதில் உணர்வர். நெடுநாள் நினைவிலும் கொள்வர். அறியாது படிப்பவரோ ஒன்றை மற்றொன்றாகப் பிறழ உணர்தலும் கூடும். மலேரியாக் காய்ச்சலைப் பற்றிய செய்திகளைக் கொண்டு இவ்வுண்மையைக் காண்போம்.

நிகழ்ச்சிகளை நடந்த முறையிலேயே கூறுவது கால வரிசை அமைப்பு. 1880ஆம் ஆண்டில், அல்சீரியாவில் பணிபுரிந்த லாவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நோயாளியின் குருதியில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள், செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், அனாபிலிஸ் என்னும் கொசுவின் இரைப்பைச் சுவரில் அக்கிருமியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு ஆராய்ந்து, அவற்றிற்கு வரும் மலேரியா கொசுக்கடியால் பரவுவதை மெய்ப்பித்தார். அவ்வாண்டிலேயே இத்தாலிய அறிஞர் கிராசியும் அவருடன் உழைத்தோரும், மனிதரிடத்தும் அனாபிலிஸ் கொசுவே இந்நோயைப் பரப்புகிறது என்று நிறுவினர். ஆண்டுகளும், ‘முதலில்’, ‘பின்னர்’, ‘மறு ஆண்டு’ போன்ற சொற்களும் இவ்வமைப்பைக் காட்டுவனவாம்.

ஒரு நிகழ்ச்சி ஏன் நேர்ந்தது என்று விளக்குவது காரண காரிய அமைப்பு. ‘ஏனெனில்’, ‘ஆதலால்’, ‘இதன் விளைவாக’ என்பன இதற்குரிய சொற்கள். இதனைக் கால வரிசையோடு மயங்கக் கொள்வதே படிப்போர் பலர்க்கும் நேரும் பிழை. அறிவிற் சிறந்தோரும் இப்பிழைக்கு ஆளாயினர். மலேரியா என்னும் பெயருக்கு இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்பது பொருள். சதுப்பு நிலத்தருகே வாழ்ந்தோர் அந்நிலத்துக் காற்றை உயிர்த்தனர், பின்னர்க் காய்ச்சலுற்றனர். முன்னது நிகழ்ந்தபின் பின்னது நிகழவே, முன்னதே காரணம் என்று மக்கள் துணிந்தனர். சதுப்பு நீரை வடித்தவிடத்துக் காய்ச்சல் குறைந்தது. காற்றுத் தூய்மையுற்றதே அதற்குக் காரணம் என்றும் எண்ணினர்.

உண்மை யாது? சதுப்பில் நீர் தேங்குகிறது. அந்நீரில் கொசு பெருகுகிறது. பெண் கொசு நோயாளியைக் கடித்துக் கிருமியைப் பெறுகிறது. சில நாள் கழித்து அக்கொசு பிறிதொருவரைக் கடிக்கும்போது, கிருமி அவர் உடலிற் புகுகிறது. ஆதலால் அவர் காய்ச்சலுறுகிறார். நீரை வடித்தமையால் ஒழிந்தது கொசுவேயன்றிக் கெட்ட காற்றன்று. இவ்வுண்மை வெளிப்படும் வரை, மக்கள் காற்றை அஞ்சினர். தம்மைக் கடித்த கொசுவை அஞ்சினாரல்லர். ‘பின்னர்’ என்னும் சொல் ‘அதனால்’ என்னும் சொல் ஆகாது என்பதனை நாம் மறத்தலாகாது.

இரண்டு பொருள்களின் ஒற்றுமை வேற்றுமைகளைக் கூறுவது ஒப்பீட்டு அமைப்பு. அனாபிலிஸ் கொசு, உடலின் பின்பகுதி மேலே தூக்கி நிற்கச் சாய்வாக அமரும். கியூலெக்ஸ் கொசுவோ அமர்ந்த பரப்பிற்கு இணையாக உடலை வைத்திருக்கும். அனாபிலிஸின் புழு நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடைமட்டமாக இருக்கும். கியூலெக்ஸின் புழு தலை கீழாகச் சாய்ந்து தொங்கும். முன்னது மலேரியாவைப் பரப்புவது. பின்னது யானைக்கால் நோயைப் பரப்புவது. ‘ஆனால்’, ‘மாறாக’, ‘போலவே’ என்பன இவ்வமைப்பில் பெரிதும் வரும்.

ஓர் இடரை எடுத்துரைத்து, அதனை நீக்கும் வழியையும் கூறுவது சிக்கல்–தீர்வு அமைப்பு. இலங்கையில் 1963ஆம் ஆண்டில் மலேரியா நோயாளிகள் பதினெழுவரே இருந்தனர். நோய் ஒழிந்தது எனக் கருதிக் காவல் தளர்ந்தது. சில ஆண்டுகளில் நோய் மீண்டும் பரவிப் பல இலட்சம் மக்களைப் பற்றியது. காய்ச்சலுற்றோரின் குருதியை ஆய்ந்து உடனே மருந்தளித்தல், கொசுவை ஒழித்தல், வலை வழங்குதல் முதலிய முயற்சிகள் தொடர்ந்து நடைபெற்றன. 2016ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. இவ்வமைப்பைப் படிக்கும்போது, கூறிய தீர்வு இடரின் காரணத்தை நீக்குகிறதா என்று ஆராய்தல் வேண்டும்.

இனி, ஒரு பொருளின் இயல்புகளையும் வகைகளையும் அடுக்கிக் கூறும் விளக்க அமைப்பும் உண்டு. கொசுவின் உறுப்புகளைக் கூறும் பாடம் அத்தகையது.

ஒரே கட்டுரையில் இவ்வமைப்புகள் பல கலந்து வருதலும் இயல்பே. குறிப்புச் சொற்கள் இன்றியும் அவை அமையலாம். ஆகவே மாணவர்களே! ஒவ்வொரு பத்தியையும் படித்தபின், இஃது எந்த வினாவிற்கு விடை கூறுகிறது என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். எப்போது என்பதற்கு விடையாயின் கால வரிசை. ஏன் என்பதற்காயின் காரண காரியம். எவ்வாறு வேறுபடுகிறது என்பதற்காயின் ஒப்பீடு. என் செய்வது என்பதற்காயின் சிக்கல்–தீர்வு. யாது என்பதற்காயின் விளக்கம்.

இவ்வாறு வினவிப் படிக்கும் பழக்கம் உடையவர், எழுதப்பட்டதை அறிவதோடு நில்லார். எழுதியவர் கூறாததனைத் தாமே கற்பித்துக்கொள்ளும் பிழையினின்றும் தப்புவர். கெட்ட காற்றை அஞ்சிக் கொசுவை மறந்த கதை, அப்பழக்கத்தின் தேவையை நமக்கு என்றும் நினைவூட்டுவதாகும்.