முட்டிக்கு ஊசி போடலாமா?

"அம்மாவுக்கு முட்டித் தேய்மானம், ஊசி போடச் சொல்றாங்க, போடலாமா?" இந்தக் கேள்வி அடிக்கடி வருது. எங்க பள்ளிக்கரணையில லிஃப்ட் இல்லாத மூணு மாடி அபார்ட்மென்ட் நிறைய. அங்க முட்டி வலின்னா, அம்மா கீழே இறங்குறதே நின்னுடும். அதனால இன்னைக்கு இதைப் பார்ப்போம். நான் டாக்டர் இல்ல. ஆய்வுகளைப் படிச்சுட்டுப் பேசுறேன்.

ஊசின்னா ஒண்ணு இல்ல, முக்கியமா மூணு வகை.

முதல்ல ஸ்டீராய்டு. மூட்டுக்குள்ள இருக்கிற அழற்சியை அடக்கும், வலி சீக்கிரம் குறையும். ஆனா பலன் சில வாரம்தான். சர்வரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி: கொஞ்ச நாள் ஓடும், பிரச்சினை அப்படியே இருக்கும். 2017-ல் அமெரிக்காவில் 140 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு வெறும் சலைன். 3 மாசத்துக்கு ஒரு ஊசி, 2 வருஷம். கடைசியில் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குத்தான் குருத்தெலும்பு அதிகமாகத் தேய்ந்திருந்தது. இன்னொண்ணு, சர்க்கரை நோய் இருந்தா ஊசிக்கு அப்புறம் சில நாள் சுகர் ஏறும்.

ரெண்டாவது, ஜெல் ஊசி. அதாவது ஹயலூரோனிக் ஆசிட். 2022-ல் பிஎம்ஜே இதழ் 169 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சும்மா போட்ட ஊசியைவிட வலி குறைந்த அளவு, நோயாளியால் உணர முடியாத அளவுக்குச் சின்னது.

மூணாவது, பிஆர்பி. நம்ம ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்களைப் பிரித்துப் போடுவாங்க. 2021-ல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் பார்த்தாங்க. ஒரு வருஷம் கழித்து, சலைன் போட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வலியில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

"பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு சரியாச்சே?"ன்னு கேட்பீங்க. அவங்க பொய் சொல்லல. இந்த ஆய்வுகளில் சலைன் போட்டவர்களுக்கும் வலி குறைந்தது! முட்டி வலி ஏறி இறங்கும். ரொம்ப வலிக்கிற நேரத்துலதான் நாம ஊசிக்குப் போறோம். அப்புறம் தானா குறைஞ்சாலும் பேர் ஊசிக்குப் போயிடும்.

அப்போ எதுக்குத்தான் பலன்? 2020-ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் பிசியோதெரபியையும் ஸ்டீராய்டு ஊசியையும் ஒப்பிட்டாங்க. ஒரு வருஷ முடிவில் பிசியோதெரபி எடுத்தவர்களுக்கே வலி குறைவு, நடமாட்டமும் மேல். தொடைத் தசை வலுவானா முட்டிக்குப் பாரம் குறையும். நம்ம ஊர்ல 2021 ஆகஸ்ட்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறாங்க. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிங்க.

ஊசியே வேண்டாம்னு சொல்லல. வீங்கி, நடக்கவே முடியாத நேரத்துல ஒரு ஸ்டீராய்டு ஊசி உடற்பயிற்சி தொடங்க வழிவிடும். ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி டாக்டரிடம் மூணு கேளுங்க: இது எந்த ஊசி? பலன் எத்தனை வாரம்? அந்த வாரங்களில் அம்மா என்ன உடற்பயிற்சி செய்யணும்? மூணாவதுக்குப் பதில் வாங்காம எழுந்திருக்காதீங்க.