தங்கையிடம் பறித்த புத்தகம்

இந்த மாதம் உங்களோடு சில புத்தகங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன் என் பக்கத்துக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அறபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த காலம். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தேன். குசினியில் அடுப்படிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தங்கை ஒரு புத்தகத்தை வாசித்து வாசித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கறி அடிப்பிடித்த மணம்கூட அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு வந்ததே கோபம்! "கதைப் புத்தகம் படித்தா உருப்படப் போகிறாய்?" என்று பறித்து அலுமாரிக்கு மேல் எறிந்தேன். அது என்ன புத்தகம் என்று அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. உம்மாவும் வாய் திறக்கவில்லை. மௌலவியாகப் போகிற மகன் அல்லவா!

பல வருடங்கள் கழித்து, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அந்தப் புத்தகம் தூசியோடு கையில் அகப்பட்டது. வைக்கம் முஹம்மது பஷீர் மலையாளத்தில் 1959இல் வெளியிட்ட ‘பாத்துமாவின் ஆடு’, தமிழ் மொழிபெயர்ப்பில். அன்று இஷாவுக்குப் பிறகு சும்மா புரட்டத் தொடங்கியவன் முடிக்காமல் படுக்கவில்லை. ஊர் ஊராய்ச் சுற்றிய எழுத்தாளர் ஓய்வு தேடித் தன் வீட்டுக்கு வருகிறார். வீட்டிலோ உம்மா, தம்பிமார், அவர்களின் மனைவிமார், பிள்ளைகள், கோழிகள், பூனைகள். போதாக்குறைக்குத் தங்கை பாத்துமாவின் ஆடு வேறு. அது கண்டதையெல்லாம் தின்கிறது. கடைசியில் அவர் எழுதிய நாவல்களையே தின்றுவிடுகிறது! சிரிப்புக்கு அடியில், இல்லாமையிலும் ஒரு குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் பெண்களின் கெட்டித்தனம் தெரிகிறது. இதற்கு அவர் வைத்த இன்னொரு பெயரே ‘பெண்களின் புத்தி’ என்பதுதான். இதில் எந்த வரிக்காக என் தங்கை உருப்படாமல் போயிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

புத்தகத்தைத் துடைத்து அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகியிருந்தாள். வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்ப வாசிக்கப் பொறுமையில்ல நாநா. பழக்கம் விட்டுப் போச்சு" என்றாள். ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பழக்கம் உங்களுக்கும் விட்டுப் போயிருந்தால் பஷீரிலிருந்தே தொடங்குங்கள். மெல்லிய புத்தகம். சோறு வேகும் நேரங்களிலேயே சில நாட்களில் முடித்துவிடலாம்.

பயணக் கதை பிடிக்குமென்றால் இப்னு பதூதா இருக்கிறார். 1344இல் நமது இலங்கைக்கே வந்தவர். புத்தளத்துக் கரையில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியோடு பாரசீக மொழியில் உரையாடி, முத்துக்களைப் பார்த்து வியந்து, பிறகு பாவா ஆதம் மலைக்கு ஏறினார். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியதை அவர் வர்ணிப்பதை, அந்த மலைக்குப் போய் வந்தவர்கள் வாசித்தால் தனி ருசி. அதற்கு முன் மாலைதீவில் காழியாராக இருந்திருக்கிறார். அன்று அங்கே ஆட்சி செய்தவர் கதீஜா என்ற பெண்மணி. பெண்களின் உடையைத் திருத்த இவர் போட்ட உத்தரவை எவரும் கேட்கவில்லையாம். அதை மறைக்காமல் அவரே சொல்கிறார். நானும் காழியார் வேலை பார்க்காவிட்டாலும் அந்த இடத்தில் கொஞ்சம் நெளிந்தேன்.

வாழ்க்கை வரலாறு விரும்புகிறவர்கள் முஹம்மத் அஸதைத் தேடுங்கள். 1900இல் யூதக் குடும்பத்தில் பிறந்து 1926இல் இஸ்லாத்தை ஏற்றவர். மக்காவுக்குப் போன பாதையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1954இல் வந்தது. பாலைவனத்தில் வழிதவறித் தண்ணீரின்றித் தவித்த பகுதி ஒரு துப்பறியும் கதையைப் போல இழுத்துக்கொண்டு போகும்.

நமது நாட்டுத் தமிழ் நாவல்களில் மூத்தது அறிஞர் சித்திலெப்பை 1885இல் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’. எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே களவாடப்பட்டு, பம்பாயில் வளரும் ஒருவனின் கதை. பழைய நடை என்பதால் முதல் பத்துப் பக்கங்கள் கரடுமுரடாக இருக்கும். பொறுத்துக்கொண்டால் பிறகு ஓடும். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவர் அவர். "நமக்கென்ன படிப்பிருக்கிறது?" என்று சொல்லும் சகோதரிகள் அவர் பெயரை மட்டுமாவது நினைவில் வைத்திருங்கள்.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வந்தது. இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம்தான். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை எதிர்க்கும் முதலாளி, மக்களை ஏய்க்கும் தங்ஙள் என்று கசப்பான விஷயங்கள் நிறைய உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல அடி. ஆனாலும் வாசியுங்கள். சில இடங்களில் நம்மூர்க் கதையோ என்று தோன்றும்.

பிள்ளைகளுக்குக் ‘கலீலா வ திம்னா’ சொல்லுங்கள். நரி, சிங்கம், எருது என்று மிருகங்கள் பேசும் கதைகள். பஞ்சதந்திரம் பாரசீகத்துக்குப் போய், எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்ஃபா கையால் அறபுக்கு வந்தது. எங்கள் ஓதப்பள்ளியில் நான் ஒரு கதையைப் பாதியில் நிறுத்தினால் மறுநாள் ஒரு பிள்ளையும் பிந்தி வருவதில்லை. சிங்கள மொழியில் படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’வை உரத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். 1947இல் வந்தது. உபாலியும் ஜின்னாவும் வீட்டை விட்டோடி ஒரு தீவில் குடியேறும் கதை. பிள்ளைக்கும் பெருமை, நமக்கும் நாலு சிங்களச் சொல் வரும்.

இவற்றையெல்லாம் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஊர் நூலகத்தில் அங்கத்தவராகிக் கேளுங்கள். இல்லாததை எழுதிக் கொடுத்து எடுப்பியுங்கள். நாலு வீட்டார் சேர்ந்து மாற்றி மாற்றி வாசித்தால் இன்னும் நல்லது. இரவல் வாங்கியதை மட்டும் ஆடு தின்றுவிட்டது என்று சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தங்கையின் மூத்த மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. சென்ற வாரம் போயிருந்தேன். அந்தப் பழைய புத்தகத்தை அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பாய்க்கடியில் மறைத்தாள். "வெளியில் எடு மகள், எந்த இடத்தில் நிற்கிறாய்?" என்று கேட்டேன். குசினியிலிருந்து தங்கைதான் பதில் சொன்னாள்: "ஆடு புத்தகம் தின்கிற இடம்."