தென்னை விலகிய தீவு

லச்சக்கொட்டைக் கீரையைப் பார்த்திருப்பீர்கள். அகலமான, மஞ்சள் கலந்த வெளிர்பச்சை இலை. கொம்பை ஒடித்து நட்டால் போதும், கொல்லையில் மரமாகிவிடும். மூட்டுவலிக்கு நல்லதென்று கூட்டு வைப்பார்கள், அடைமாவில் கிள்ளிப் போடுவார்கள். தாவரவியலில் இதற்கு பைசோனியா கிராண்டிஸ் என்று பெயர். இந்தியப் பெருங்கடலில், செய்ஷெல்ஸ் நாட்டின் கசின் என்ற தீவில் இந்த மரம் காடாகவே நிற்கிறது. அங்கே இலை நல்ல பச்சை. அந்தக் காடு திரும்பி வந்ததால்தான் ஒரு பறவையினம் பிழைத்தது.

கசின் மொத்தமே 70 ஏக்கர் சொச்சம். கொப்பரைக்காக அங்கிருந்த காட்டை அழித்துத் தென்னை வைத்தார்கள். செய்ஷெல்ஸ் கதிர்க்குருவிக்கு அதனால் சோறு போயிற்று. அதன் இரை பெரும்பாலும் இலைகளின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு பூச்சிகள். பைசோனியா, நுணா வகை மரங்களின் அகன்ற இலைகளில் அவை கிடைக்கும். தென்னையில் இருப்பது ஓலைதானே. 1968-இல் உலகத்தில் எஞ்சியிருந்த கதிர்க்குருவிகள் முப்பதுக்கும் குறைவு. எல்லாம் இந்த ஒரே தீவில், அலையாத்தி மரங்களை ஒட்டிய ஒரு மூலையில்.

அந்த ஆண்டு பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு (இன்றைய பேர்ட்லைஃப்) தீவை விலைக்கு வாங்கியது. குருவியைக் கூண்டில் வளர்க்கவில்லை, இரை வைக்கவில்லை. தென்னங்கன்றுகளை அகற்றினார்கள், மண்ணின் மரங்கள் தாமாக எழும்பின. தென்னம்பிள்ளையைப் பிடுங்குவது என்றால் நமக்குக் கை கூசும். ஆனால் 1980-களின் தொடக்கத்தில் குருவிகள் முந்நூறைத் தாண்டிவிட்டன. எலியும் பூனையும் அந்தத் தீவில் குடியேறாமல் இருந்தது பெரிய அதிர்ஷ்டம்.

அதற்கு மேல் தீவில் இடமில்லை. இளம் பறவைகள் தனிக்குடித்தனம் போக வழியில்லாமல் பெற்றோருடன் தங்கி, அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டின. இவற்றை ஆராய்ந்த நெதர்லாந்து அறிஞர் யான் கொம்டர் குழுவினர் 1997-இல் வெளியிட்டது வியப்பான செய்தி. கூட்டில் பெரும்பாலும் ஒரே முட்டைதான். பூச்சி குறைந்த இடத்தில் பிறந்தவற்றில் 77 சதவீதம் ஆண். பூச்சி நிறைந்த இடத்தில் ஆண் வெறும் 13 சதவீதம். கூட இருந்து உதவுவது பெரும்பாலும் மகள்கள்தாம். வளமான இடத்தில் மகள் உதவி. வறண்ட இடத்தில் அவளும் பங்குக்கு வரும் இன்னொரு வாய். அங்கே, பறந்துபோய்விடும் மகனே மேல். பறவைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயின் முட்டையில் தீர்மானமாவது. இலையடிப் பூச்சிக் கணக்கு அதுவரைக்கும் எட்டுகிறது.

1988-இல் 29 குருவிகளைப் பிடித்து அரிட் தீவில் விட்டார்கள். கசினில் காலியான இடங்களில் காத்திருந்த பறவைகள் உடனே குடியேறின. பிறகு கசீன் (பெயர்க் குழப்பம் நம்முடையதல்ல, இது பக்கத்துத் தீவு), 2004-இல் டெனிஸ், 2011-இல் ஃப்ரிகேட். ஒரே புயலோ ஒரே நோயோ மொத்த இனத்தையும் கொண்டுபோக முடியாதபடி, இன்று ஐந்து தீவுகளில் சில ஆயிரம் குருவிகள்.

பைசோனியாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதன் விதை பசைபோல் ஒட்டும். கிளைகளில் கூடு கட்டும் ஆலாக்களின் இறகில் கொத்தாக அப்பிக்கொண்டால் பறக்க முடியாது. மரத்தடியில் கிடந்து சாகும். செத்த பறவை மரத்துக்கு உரமாகிறதோ என்ற சந்தேகத்தில் கசினிலேயே சோதித்துப் பார்த்தார்கள். பிணத்தால் நாற்றுக்கு ஆதாயம் எதுவும் இல்லை. ஒன்றிரண்டு விதையோடு தப்பிப் பறக்கும் ஆலாதான் மரத்தைத் தீவுக்குத் தீவு சுமந்துபோகிறது.