கொழுப்பு மாத்திரை இதயத் தசையை என்ன செய்கிறது?

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துப் போட்டுக்கொள்ளும் ஸ்டாடினை நம் வீடுகளில் ‘கொழுப்பு மாத்திரை’ என்பார்கள். கல்லீரல் கொலஸ்டிரால் தயாரிப்பதைக் குறைப்பது அதன் வேலை. மாரடைப்பு வந்தவர்களின் உயிரை அது காக்கும் என்பதை 1994இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 பேரிடம் நடந்த ஆய்வு உறுதிசெய்தது. ரத்தக் குழாய்க்கு நல்லது, சரி. இதயத் தசைக்கு?

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகக் குழு 2017இல் இதற்கு விடை தேடியது. ‘யுகே பயோபேங்க்’ தன்னார்வலர்களில் இதய நோய் இல்லாத 4,622 பேரின் எம்ஆர்ஐ படங்களை எடுத்துக்கொண்டார்கள். மூச்சை அடக்கிப் படுத்திருப்பவரின் இதயத்தைக் கருவி துண்டு துண்டாகப் படம்பிடிக்கும். ஒவ்வொரு துண்டிலும் இடது கீழறைச் சுவரின் உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டையும் கோடிட்டு, நடுவிலுள்ள தசையைக் கணக்கிட்டால் அதன் எடை கிடைத்துவிடும். கத்தி படாமல் இதயத்தை எடைபோடும் இந்த நுட்பம் உண்மையிலேயே வியக்கவைப்பது.

அவர்களில் ஸ்டாடின் சாப்பிட்டவர்கள் சுமார் 17 சதவீதம். வயது, உடல் எடை, ரத்த அழுத்தம் எல்லாம் அவர்களுக்குத்தான் அதிகம். அப்படிப்பட்ட இதயம் தடித்திருக்க வேண்டும். ஆனால், இந்த வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டபோது, இடது கீழறைத் தசை 2.4 சதவீதம் குறைவாக இருந்தது. கீழறைகளின் கொள்ளளவும் குறைவு. தடித்து விரிந்த இதயம்தான் பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்புக்கு இடம் கொடுக்கிறது என்பதால் இது நல்ல சேதி. தசையைத் தடிக்கச் செய்யும் சில புரதங்களின் தூண்டுதலை ஸ்டாடின் அடக்குவது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த விஷயம். காரணம் அதுவாக இருக்கலாம்.

இதை வைத்து, தளர்ந்த இதயத்தையும் இந்த மாத்திரை தூக்கி நிறுத்திவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு ரோசுவாஸ்டாடின் கொடுத்துப் பார்த்த ‘கொரோனா’ (2007, பெருந்தொற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), இத்தாலியின் ‘கிஸ்ஸி’ (2008) என்ற இரண்டு பெரிய ஆய்வுகளிலும் இறப்பு குறையவில்லை. பலன் இருந்தால், அது தசை கெடுவதற்கு முன்பே கிடைக்க வேண்டிய பலன் என்றே எனக்குப் படுகிறது.

லண்டன் ஆய்வும் மாத்திரை சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டதுதான். மாத்திரையால்தான் தசை குறைந்தது என்று அது நிரூபிக்கவில்லை. ஆகவே, இதயம் தடிக்காமலிருக்க நாமும் ஒன்று போடலாமே என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்துச் சாப்பிடுபவர்கள், ரிப்போர்ட்டில் கொலஸ்டிரால் இறங்கிவிட்டதே என்று தாங்களாக நிறுத்தாதீர்கள்.