ஆற்றுப்படுத்துநரிடம் முதல் நாள்

மகள் மூன்று மாதங்களாகச் சரிவர உறங்குவதில்லை. கல்லூரிக்குப் போக மறுக்கிறாள். உணவைத் தொட்டும் தொடாமலும் எழுந்துவிடுகிறாள். நவநாள் செபங்கள் சொல்லியாயிற்று. ஊர் மருத்துவரிடம் சத்து ஊசியும் போட்டாயிற்று. இறுதியில், தெரிந்தவர் கண்ணில் படாதிருக்க, அடுத்த ஊரிலுள்ள ஆற்றுப்படுத்துநர் ஒருவரிடம் பெற்றோர் அவளை அழைத்துச் செல்கின்றனர். ஒரு மணி நேரம் கழித்து அவள் வெளியே வருகிறாள். பேருந்து நிறுத்தத்தில் தந்தை கேட்கிறார்:

“என்னம்மா சொன்னார்?”

“ஒன்றும் சொல்லவில்லை அப்பா. கேள்விதான் கேட்டார்.”

“அதற்கா இவ்வளவு பணம்?”

இரண்டாம் முறை அவர்கள் போவதில்லை. இத்தகைய குடும்பங்கள் நம் பங்குகளில் அரியன அல்ல. அவர்களை யாரும் ஏமாற்றவில்லை. முதல் நாளில் என்ன நடைபெறும் என்பதை முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை, அவ்வளவே.

முதல் சந்திப்பு பெரும்பாலும் கேள்விகளால் ஆனதுதான். உறக்கம் எப்படி, பசி எப்படி, முன்பு கண்ட நோய்கள் யாவை, உட்கொள்ளும் மருந்துகள் எவை, வீட்டில் யார் யார், குடிப்பழக்கம் உண்டா, இத்துன்பம் எப்போது தொடங்கியது என்றெல்லாம் வினவுவார். கட்டணம், சந்திக்கும் நாள், இடைவெளி ஆகியவற்றைத் தெளிவுபடுத்துவார். வாரம் ஒரு முறை என்பதே பொதுவான வழக்கம். “உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதேனும் வந்ததுண்டா?” என்றும் நேராகவே கேட்பார். இதைக் கேட்டுப் பெற்றோர் திடுக்கிடுவர். இல்லாத எண்ணத்தை இவரே ஊட்டிவிடுவாரோ என்று அஞ்சுவர். அந்த அச்சம் வேண்டாம். கேட்பதால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை. உள்ளே அடைபட்டுக் கிடந்தது வெளிவர ஒரு வழி பிறக்கிறது.

அழுகை வந்தால் அழலாம். பேச்சு வராவிட்டால் சற்று நேரம் பேசாமலும் இருக்கலாம். சொல்ல விரும்பாததை, “இன்று வேண்டாம்” என்று தள்ளிவைக்கலாம். வீடு திரும்பியதும் உடல் அயர்ந்து, மனம் முன்னைவிடக் கனத்திருப்பதும் உண்டு. ஆறாத புண்ணைத் திறந்து கழுவும்போது வலிக்கத்தானே செய்யும்?

ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல்லே நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் கலைஞனுக்கு வழி சொல்லும் முறை அது. வழி சொன்னவன் உடன் நடப்பதில்லை; நடப்பவன் மற்றவனே. ஆற்றுப்படுத்துநர் ஒருபடி மேல். சிறிது தூரம் கூடவே நடப்பார். ஆயினும் “இவனை மணந்துகொள், அந்த வேலையை விடு” என்று தீர்ப்பு வழங்கமாட்டார். முதல் நாளே அப்படித் தீர்ப்பு வழங்குபவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னது போல இங்கே சொல்வதும் இரகசியமா என்று பலர் கேட்கின்றனர். முற்றிலும் அப்படியன்று. ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை எந்தக் காரணத்துக்காகவும் மீறப்பட இயலாதது என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு. மனநலச் சிகிச்சை அளிப்போர்க்கும் இரகசியம் காக்கும் கடமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கிறது. ஆனால் அதற்கு வரம்புகள் உண்டு. உயிருக்கு ஆபத்து நேரும் நிலை, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற ஆணை ஆகியவை அவற்றுள் சில. சிறார் மீதான பாலியல் குற்றத்தை அறிய வந்தால் அதைத் தெரிவித்தே தீரவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். நல்ல ஆற்றுப்படுத்துநர் இவ்வரம்புகளை முதல் நாளே விளக்குவார். விளக்காவிடில் நாமே கேட்கலாம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வேளையில் செய்தி பரவிவிடுமோ என்னும் தாயின் கலக்கத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: திருமணப் பேச்சு அவ்வரம்புகளுள் ஒன்றன்று.

யாரிடம் செல்வது? மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டியவர். ‘ஆலோசகர்’ என்று பலகை மாட்டிக்கொள்ள எவராலும் முடிகிறது. ஆகவே என்ன பயின்றீர், எங்கே பயின்றீர் என்று கூச்சமின்றிக் கேளுங்கள். தகுதியுள்ளவர் அதற்குச் சினம் கொள்ளார். வசதி குறைந்தவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மூன்று நான்கு சந்திப்புகளுக்குப் பின்னும் மனம் ஒட்டவில்லை எனில் அவரிடமே அதைச் சொல்லலாம். வேறொருவரைத் தேடிக்கொள்வதிலும் தவறில்லை. ஒரே நாளில் முடிவு கட்டுவதுதான் கூடாது.

பெற்றோர் செய்யவேண்டியது கடினமானது. வயதுவந்த மகளைத் தனியே உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். அவள் வெளியே வந்ததும், “என்ன சொன்னாய், எங்களைப் பற்றிச் சொன்னாயா?” என்று துருவாதிருக்க வேண்டும். பேருந்து வரும்வரை, “காப்பி சாப்பிடலாமா அம்மா?” என்று கேட்டால் போதும். அவளாகவே வாய் திறந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். திறக்காவிட்டால், அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரச் சொன்னார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.