ஈரம் குடிக்கும் பேக்கிங்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எட்டு வருடம் ஓடிய பெட்ரோல் கார். எஞ்சினின் முன்பக்கம் எண்ணெய் கசிகிறது என்று டைமிங் செயின் கவரைக் கழற்றி மாட்டினார்கள். சாயங்காலமே வேலை முடிந்துவிட்டது. ஆனால் மெக்கானிக் எண்ணெய் ஊற்ற மாட்டேன், காலையில் வாருங்கள் என்கிறார். ஒரு டியூப் பேஸ்ட் காய ஒரு ராத்திரி வேண்டுமா? அல்லது இழுத்தடிக்கிறாரா?"

இழுத்தடிக்கவில்லை. காற்றிலிருந்து தண்ணீர் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறார். அந்தப் பேஸ்ட் ஈரம் போய்க் கெட்டியாகும் சரக்கு அல்ல. ஈரத்தைக் குடித்துக் கெட்டியாகும் சரக்கு.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். கீழே கிராங்க் ஷாஃப்ட்டையும் மேலே கேம் ஷாஃப்ட்டையும் இணைத்து ஓடும் செயினை மூடியிருக்கும் அலுமினிய வார்ப்புதான் இந்தக் கவர். முன் கவர் என்று பெயர் இருந்தாலும், எஞ்சினைக் குறுக்காக உட்கார வைத்திருக்கும் சின்னக் கார்களில் அது சக்கரத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் இருக்கும். மாருதி 800-ல் இந்தத் தொல்லை இல்லை. அதில் இருந்தது ரப்பர் பெல்ட். பெல்ட்டுக்கு எண்ணெய் ஆகாது, அதனால் தூசு புகாமல் ஒரு பிளாஸ்டிக் மூடி போதும். அதே நிறுவனத்தின் கே வரிசை எஞ்சின்கள் செயினுக்கு மாறின. செயினோ எண்ணெயில் நனைந்துகொண்டே ஓட வேண்டும். சும்மா கிடந்த மூடி இப்படித்தான் எண்ணெயைத் தடுக்கும் சுவரானது.

"செயின் வண்டி சார், ஆயுசுக்கும் தொட வேண்டாம்" என்று விற்கிற இடத்தில் சொல்வார்கள். யாருடைய ஆயுசு என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் கரி கலந்த எண்ணெய் அந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும். கண்ணிக்குக் கண்ணி தேய்ந்தது கூடிக்கூடி செயினே நீண்டுவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் முன்பக்கம் கடகடவென்று கேட்டால், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு எண்ணெய் அழுத்தம் வந்து சேரும்வரை தொய்ந்த செயின் அடித்துக்கொள்கிறது என்று சந்தேகிக்கலாம். சத்தம் இல்லாவிட்டாலும், கவரின் ஓரத்தில் எண்ணெய் ஊறினால் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றுவது ஒன்றும் மாயவித்தை இல்லை, நிறைய வேலை, அவ்வளவுதான். எண்ணெயை வடித்து, ஃபேன் பெல்ட்டை எடுத்து, டேப்பட் கவரைத் திறக்க வேண்டும். எஞ்சினுக்குக் கீழே முட்டுக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கத்து மவுண்ட்டை அவிழ்க்க வேண்டும். பிறகு கிராங்க் புல்லி. அதன் நடு போல்ட்டுதான் முழு வேலையிலும் முரடான ஆள். பல எஞ்சின்களில் கவரின் அடி விளிம்பு ஆயில் சம்ப்போடும் ஒட்டியிருப்பதால் சம்ப்பையும் இறக்க நேரும். கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமில்லை. நீளமானதைக் குட்டையின் துளையில் வைத்து முறுக்கினால் வார்ப்பு உடையும். விவரமானவர்கள் ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எடுத்த போல்ட்டை எடுத்த இடத்திலேயே செருகி வைப்பார்கள். நெம்புவதற்கென்றே வார்ப்பில் மூலைகள் விட்டிருப்பார்கள். அவசரக்காரர் ஸ்க்ரூடிரைவரை விளிம்பின் இடுக்கிலேயே நுழைப்பார். அந்தக் கீறல் வழியாக அடுத்த கசிவு தொடங்கும். செயினையும் மாற்றுவதாக இருந்தால் டைமிங் மார்க் பார்ப்பது தனிக்கதை. அங்கே பல் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் எஞ்சின்கள் நிறைய உண்டு.

இப்போது என்னைக் கவர்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய எஞ்சின்களில் இரண்டு உலோகங்களுக்கு நடுவே கார்க் அல்லது காகித பேக்கிங் வைப்பார்கள். நாளடைவில் அது நசுங்கும், போல்ட்டின் இறுக்கம் தளரும். இன்றைய கவர்கள் பலவற்றில் அப்படி எதுவும் இல்லை. உலோகத்தின் மேல் உலோகம், நடுவில் சிலிகான் பேஸ்ட்டால் இழுத்த ஒரு கோடு மட்டும். டியூபில் இருக்கும்போது அந்தப் பேஸ்ட் சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறி வரும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் கூழ். சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாததால் வழுவழுவென்று நகர்கின்றன. ஒவ்வொரு சங்கிலியின் முனையிலும் தண்ணீரைக் கண்டால் கழன்றுவிடும் அணுக்கூட்டங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எஞ்சின் வேலைக்கான பேஸ்ட்டுகளில் பெரும்பாலும் அவை ஆக்சைம் வகை.

டியூபைப் பிதுக்கியதும் காற்றிலுள்ள ஒரு நீர் மூலக்கூறு வந்து முனையில் மோதுகிறது. ஆக்சைம் ஒன்று கழன்று ஆவியாகப் போகிறது. அந்த இடத்தில் நீரின் ஆக்சிஜன் வந்து உட்காருகிறது. அது அடுத்த சங்கிலியின் முனையைப் பிடிக்கிறது, அங்கிருந்தும் ஒரு ஆக்சைம் வெளியேறுகிறது. முடிவில் இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே ஆக்சிஜனால் ஆன ஒரு பாலம். இப்படி லட்சோபலட்சம் பாலங்கள் அமைந்தால் கூழ் ரப்பராகிவிடும். இதில் எனக்குப் பிடித்தது அந்த ஆக்சிஜனின் பூர்வீகம்தான். சென்னையில் வேலை நடந்திருந்தால், உங்கள் எஞ்சினின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தியிருக்கும் ரப்பரில் வங்காள விரிகுடாவிலிருந்து ஆவியாக வந்த தண்ணீரின் ஆக்சிஜனும் இருக்கலாம்.

குளியலறை ஓரத்தில் பூசும் சிலிகானும் இதே குடும்பம்தான். ஆனால் அவற்றில் பல, ஆக்சைமுக்குப் பதிலாக அசிட்டிக் அமிலத்தைக் கழற்றிவிடும்; பிதுக்கும்போது மூக்கைத் துளைக்கும் புளித்த நெடி அதுதான். அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும். மீந்து கிடக்கிறதே என்று அதை எஞ்சினுக்குப் பூச வேண்டாம்.

இனி வடகத்துக்கு வருவோம். கூழ் வடகம் பிழிந்தவர்களுக்கு இந்தப் பேஸ்ட்டின் குணம் பாதி தெரிந்திருக்கும். பிழிந்த சற்று நேரத்தில் மேலே ஒரு தோல் கட்டும். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், அழுத்தினால் உள்ளே கூழ். தோல் கட்டிய வடகத்தின் மேல் இன்னொன்றைப் பிழிந்தால் இரண்டும் ஒட்டாது, காய்ந்தபின் தனித்தனியாக வரும். பேஸ்ட்டும் அப்படித்தான். கோட்டை இழுத்துவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால், கட்டிய தோல் எதிரிலுள்ள உலோகத்தைப் பற்றாது. அதனால்தான் டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடுகளில், பேஸ்ட் பூசிய 3 நிமிடங்களுக்குள் கவரைப் பொருத்திவிட வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். வைத்தபின் சரியில்லை என்று கவரைத் தூக்கி மறுபடி வைப்பதும், பாதி காய்ந்த வடகத்தைத் துணியோடு சேர்த்து மடித்துப் பிரிப்பதும் ஒன்று. இரண்டிலும் முழுக்கச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து பிழிவதே வழி. பழைய சிலிகானின் மேல் புதிய சிலிகான் சரியாகப் பிடிக்காது. காக்காய் விரட்ட மட்டும் ஆள் தேவையில்லை என்பதைத் தவிர, ஒரு வித்தியாசம் முக்கியம். அக்னி நட்சத்திர வெயில் வடகத்துக்கு யோகம். பேஸ்ட்டுக்கு யோகம் ஐப்பசி அடைமழை. 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். 10 டிகிரி குளிரில், ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் 5 கிராம்கூடத் தேறாது. வடகம் நமுத்துப்போகும் நாளில் கவர் வேலை அமோகமாக நடக்கும்.

தோல் கட்டுவது சில நிமிடம் என்றால் முழுக் கோடும் ஏன் அதே வேகத்தில் ரப்பராவதில்லை? அடுத்து வரும் ஈரம் ஏற்கெனவே ரப்பரான பகுதியை ஊடுருவித்தான் உள்ளே போக வேண்டும். ரப்பர் தடிக்கத் தடிக்கப் பாதை நீளும், வேகம் குறையும். முதல் நாளில் 2 மில்லிமீட்டர் ஆழம் கெட்டியானால், 4 மில்லிமீட்டருக்கு இரண்டு நாள் அல்ல, நான்கு நாள். ஆழம் இருமடங்கானால் காலம் நான்கு மடங்கு. கவரின் விளிம்பிலோ பேஸ்ட் இரண்டு உலோகங்களுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கிறது. உலோகத்தின் வழியே ஈரம் புகாது, ஓரங்களிலிருந்து மட்டுமே புக முடியும். விளிம்பு ஒரு சென்டிமீட்டர் அகலம் என்றால் இரு ஓரங்களிலிருந்தும் 5 மில்லிமீட்டர் போக வேண்டும். கணக்குப்படி முழுமையாக இறுக ஒரு ராத்திரி போதவே போதாது, ஒரு வாரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

அப்படியென்றால் மறுநாள் காலையில் வண்டியைக் கொடுப்பது எப்படி நியாயம்? கவருக்குள் பெரிய அழுத்தம் எதுவும் கிடையாது. அங்கே எண்ணெய் தெறித்து வழிகிறது, அவ்வளவுதான். அழுத்தத்தோடு எண்ணெய் பாயும் துவாரங்கள் கவரைக் கடக்கும் இடங்களில் தனியாக ஓ ரிங் வைத்திருப்பார்கள். ஆகவே ஓரங்களில் ஓரிரு மில்லிமீட்டர் ரப்பரானாலே தெறிக்கும் எண்ணெயைத் தடுக்கப் போதும். நடுப்பகுதி வண்டி ஓடும்போதே நிதானமாக இறுகிக்கொள்ளும். டொயோட்டா கையேடுகள் ஸ்டார்ட் செய்யக் குறைந்தது 2 மணி நேரம் கேட்கின்றன. அது குறைந்தபட்சம்தான், ராத்திரி முழுக்க விடுகிற மெக்கானிக் உங்களுக்கு நல்லதே செய்கிறார்.

எங்கே முதலில் கசியும் என்பதையும் ஊகிக்கலாம். ஹெட், பிளாக், கவர் மூன்றும் சந்திக்கும் மூலையில். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஹெட் பேக்கிங் இருப்பதால் அந்த இடத்தில் மட்டும் நூலளவு பள்ளமோ மேடோ இருக்கும். அங்கே பேஸ்ட்டைச் சற்றுத் தாராளமாக வைக்கச் சொல்வார்கள். பிளாக் வார்ப்பிரும்பாக இருந்தால் இன்னொரு இழுபறியும் உண்டு. 40 சென்டிமீட்டர் உயரமுள்ள அலுமினியக் கவர் 80 டிகிரி சூடேறும்போது, தடுக்காமல் விட்டால், இரும்பைவிடக் கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் அதிகமாக நீளப் பார்க்கும். போல்ட்டுகள் அவ்வளவு நகர விடாது. மிஞ்சும் நுண்ணிய நகர்வை ஒவ்வொரு பயணத்திலும் தாங்கிக் கொடுப்பது அந்த ரப்பர் கோடுதான்.

தாராளம் அந்த மூலையோடு நிற்க வேண்டும். நம்மூர்ப் பட்டறைகளில் பிராண்டு எதுவானாலும் "அனபாண்ட்" என்றே கேட்டு வாங்கி, டூத் பேஸ்ட் மாதிரி அள்ளிப் பூசும் வழக்கம் இருக்கிறது. வெளியே பிதுங்கிய அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே தொங்கும் துணுக்கு ஒருநாள் அறுந்து சம்ப்பில் விழுந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையில் அடைத்துக்கொண்டால் பேரிங் காலி. பழைய பேஸ்ட்டைச் சுரண்டுவதிலும் கவனம் வேண்டும். மிஷினில் சுற்றும் உராய்வுப் பஞ்சால் தேய்த்தால் அதிலிருக்கும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் மெக்கானிக்குகளுக்குத் தனிச் சுற்றறிக்கையே விட்டது. பிளாஸ்டிக் சுரண்டி, பிரேக் கிளீனர், கொஞ்சம் பொறுமை, இவை போதும்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஃபிரெடெரிக் கிப்பிங் பல ஆண்டுகள் சிலிக்கான் சேர்மங்களோடு மல்லுக்கட்டினார். சோதனைக் குடுவையில் மிஞ்சிய ஒட்டுப்பசை அவருக்குத் தொல்லையாகவே தெரிந்தது. இந்தத் துறையால் பெரிய பயன் வரும் என்று 1930களில்கூட அவர் நம்பவில்லை. 1940-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் யூஜின் ரோச்சோ சிலிகானுக்கான மூலப்பொருளை மலிவாகத் தயாரிக்கும் வழியைக் கண்டார். 1943-ல் சிலிகானுக்கென்றே டவ் கார்னிங் நிறுவனம் தொடங்கியது. மீதியை இரண்டாம் உலகப் போர் பார்த்துக்கொண்டது.

இன்று கடைகளில் "நானோ" என்று எழுதிய டியூபுகளும், எண்ணெயோடு கலந்தால் கசிவு நிற்கும் என்னும் புட்டிகளும் வரிசைகட்டி நிற்கின்றன. டியூபில் எந்த அடைமொழி இருந்தாலும் வேலையைச் செய்வது காற்றின் ஈரம்தான். எண்ணெய்ப் பசை உள்ள உலோகத்தில் எதுவும் பிடிக்காது. புட்டி மருந்துகள் வயதான ரப்பர் ஆயில் சீலைக் கொஞ்சம் உப்ப வைக்கலாம். உலோகத்தைவிட்டுப் பெயர்ந்துவிட்ட சிலிகான் கோட்டை மறுபடி ஒட்ட அவற்றால் ஆகாது.

கவரைக் கழற்றச் சம்மதிக்கும் முன் எஞ்சினைக் கழுவித் துடைத்து, இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டேப்பட் கவரிலிருந்து வழிந்த எண்ணெய் கீழே இறங்கி, முன் கவர் மேல் பழி போடுவது சாதாரணம். முன் கவர்தான் என்று உறுதியானால், கிராங்க் ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பேஸ்ட் டியூபின் மடிப்பில் அச்சிட்டிருக்கும் தேதியையும் பாருங்கள். திறக்காத டியூபுக்கே காலாவதி உண்டு. மூன்று வண்டிகளுக்கு முன்பே திறந்து, நுனியில் ஆணி செருகி வைத்த டியூப் என்றால் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கழற்றி மாட்டும் கூலிக்கு முன்னால் அதன் விலை ஒரு பொருட்டே இல்லை.