பூட்டைத் திறக்கத் தெரிந்தவர்கள்

2017ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், சனிக்கிழமை. கோடை விடுமுறையில் திருமலைக்குச் செல்வோர் மிகுந்திருக்கும் காலம். அன்று திருப்பதியிலும் சித்தூர் மாவட்டத்தின் வேறு சில ஊர்களிலும் காவல் நிலையக் கணினிகள் செயலிழந்தன. திரையில் சிவப்பு நிற அறிவிப்பு ஒன்று தோன்றியது. கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன. 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைச் செலுத்தினால் அவை திறக்கப்படும். மூன்று நாட்கள் கடந்தால் தொகை இரு மடங்காகும். ஏழு நாட்கள் கடந்தால் கோப்புகளை மீட்கவே இயலாது என்றது அது. 300 டாலர் என்பது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 19,000 ரூபாய். அடுத்த சில நாட்களில் திருமலை திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவும் இவ்வாறே முடங்கின. பக்தர்களுக்கான சேவைகளுக்கு இடையூறு நேரவில்லை என்று தேவஸ்தானம் தெரிவித்தது.

அந்த அறிவிப்பை 28 மொழிகளில் படிக்க இயன்றது. தெலுங்கு அவற்றுள் இல்லை, தமிழும் இல்லை, இந்திய மொழி எதுவுமே இல்லை. திருப்பதியைக் குறிவைத்து எவரும் அதனை ஏவவில்லை. ‘வான்னாக்ரை’ எனப் பெயர் பெற்ற அந்த நிரல், திறந்திருந்த கதவுகளில் எல்லாம் தானாகவே நுழைந்தது, அவ்வளவே. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. மின்னஞ்சலில் வரும் இணைப்பை எவரேனும் திறந்தால்தான் பெரும்பாலான தீநிரல்கள் உள்ளே வரும். இதற்கு அதுவும் தேவைப்படவில்லை. அலுவலகக் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வழியில் இருந்த ஒரு பிழையைப் பற்றிக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு அது தாவியது.

அந்தப் பிழையின் வரலாறுதான் நாம் கருதிப் பார்க்க வேண்டியது. அதனை முதலில் கண்டறிந்தது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திடம் அதனைத் தெரிவிக்காமல், பிறர் கணினிக்குள் நுழைவதற்கான கருவியாக அம்முகமை ஆக்கிக்கொண்டது. ‘எட்டர்னல்புளூ’ என்பது அக்கருவியின் பெயர். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் அப்பிழைக்குரிய திருத்தத்தை வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று, ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட கூட்டம் ஒன்று அந்தக் கருவியை இணையத்தில் எறிந்தது. மே 12 அன்று வான்னாக்ரை புறப்பட்டது. அதை அனுப்பியது வட கொரியா என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பின்னர் குற்றம் சாட்டின.

திருத்தம் வெளிவந்ததற்கும் தாக்குதலுக்கும் இடையே 59 நாட்கள் இருந்தன. அத்திருத்தத்தை நிறுவியிருந்த கணினிக்குள் எட்டர்னல்புளூவின் துணையுடன் நுழைய முடியாது. அன்று பலரும் பழைய விண்டோஸ் எக்ஸ்பியின் மேல் பழி போட்டார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, வீழ்ந்தவற்றுள் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7 கணினிகள் என்று தெரிந்தது. அவை கைவிடப்பட்டவை அல்ல. அவற்றுக்கான திருத்தம் இலவசமாகவே காத்திருந்தது. ‘பிறகு நினைவூட்டு’ என்னும் பொத்தானுக்கு அன்று உலகம் கொடுத்த விலை பெரிது.

இத்தகைய நுழைவுகளுக்கு வழங்கும் ‘ஹேக்கிங்’ என்னும் சொல் தொடக்கத்தில் இழிசொல்லாக இருக்கவில்லை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாதிரி ரயில் மன்றம் ஒன்றின் மாணவர்கள், ஒரு கருவியை அதன் தயாரிப்பாளர் எண்ணியிராத வழியில் திறம்பட இயக்குவதை அவ்வாறு அழைத்தார்கள். 1970களில் தொலைபேசி வலையமைப்பை 2600 ஹெர்ட்ஸ் ஒலியால் ஏமாற்றிக் கட்டணமின்றிப் பேசியவர்கள் வந்தார்கள். தானிய உணவுப் பொட்டலத்தில் இலவசமாக வந்த ஊதல் ஒன்று அந்த ஒலியைத் தந்ததாம்! 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மாரிஸ் என்னும் மாணவர் விட்ட நிரல், ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. அவருக்கு நன்னடத்தைக் கண்காணிப்பும் அபராதமும் 400 மணி நேரச் சமூகப் பணியும் விதிக்கப்பட்டன. பின்னாளில் அவர் அதே மாசசூசெட்ஸ் கழகத்தில் பேராசிரியர் ஆனார். அவருடைய தந்தை பணியாற்றிய இடம், மேலே கண்ட அந்தத் தேசியப் பாதுகாப்பு முகமை!

வான்னாக்ரையைத் தடுத்தவரின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த மார்கஸ் ஹட்சின்ஸுக்கு அப்போது வயது 22. தாக்குதல் தொடங்கிய அன்றே அந்த நிரலைப் பிரித்துப் பார்த்த அவர், பொருளற்ற எழுத்துகளால் ஆன நீண்ட இணைய முகவரி ஒன்றை அது தேடுவதைக் கண்டார். அந்த முகவரி எவர் பெயரிலும் பதிவாகியிருக்கவில்லை. 10.69 டாலர் செலுத்தித் தம் பெயரில் பதிந்துகொண்டார். முகவரியிலிருந்து மறுமொழி கிடைத்தால் மேற்செல்லாமல் நின்றுவிடுமாறு அந்த நிரல் எழுதப்பட்டிருந்தது. ஆகவே, புதிதாக அது நுழைந்த கணினிகளில் பூட்டும் வேலை நடைபெறவில்லை.

மூன்று மாதங்களுக்குள் அவர் லாஸ் வேகாஸில் கைது செய்யப்பட்டார். இளம் பருவத்தில் ‘குரோனோஸ்’ என்னும் தீநிரலை எழுதியவர் அவர் என்பது குற்றச்சாட்டு. வங்கி வாடிக்கையாளர்களின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் திருடுவதற்காகவே உருவாக்கப்பட்ட நிரல் அது. 2019இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் ஏற்கெனவே நல்வழிக்குத் திரும்பிவிட்டதைக் கருதிய நீதிபதி, அதுவரை காவலில் கழித்த காலமே போதுமென்று விடுவித்து, ஓராண்டுக் கண்காணிப்பை மட்டும் விதித்தார். குரோனோஸை எழுத உதவிய அறிவும் வான்னாக்ரையை நிறுத்திய அறிவும் வெவ்வேறானவை அல்ல.

அப்படியாயின் ‘எத்திக்கல் ஹேக்கிங்’ எனப்படும் நெறிசார் ஊடுருவலை எதைக் கொண்டு பிரித்தறிவது? நம் நாட்டுச் சட்டம் அதற்கு ஒரே சொல்லில் விடை தருகிறது: அனுமதி. கணினியின் உரிமையாளரது இசைவின்றி அதனுள் நுழைவதை 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவில் தடை செய்கிறது. அதையே தீய நோக்குடன் செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். எனினும் அனுமதி மட்டுமே போதாது என்பது நம் கருத்து. கண்ட பிழையைச் செப்பனிடக் கூடியவரிடம் சொல்வதும் அந்நெறியின் பகுதியே. அமெரிக்க முகமை சொல்லாமல் வைத்திருந்த ஒன்றுதான் திருப்பதிக் காவல் நிலையம் வரை வந்து சேர்ந்தது. இந்தியாவில் இத்தகைய பிழைகளைப் பெற்றுக்கொள்ளவும் எச்சரிக்கைகளை வெளியிடவும் 2004 முதல் ‘செர்ட்-இன்’ என்னும் அரசு அமைப்பு இயங்கிவருகிறது.

வங்கிகளில் இது விருப்பத்தின்பாற்பட்டதன்று. ரிசர்வ் வங்கி 2016 ஜூன் 2 அன்று வெளியிட்ட இணையப் பாதுகாப்பு நெறிமுறையின்படி, வங்கிகள் தம் அமைப்புகளில் ஊடுருவல் சோதனைகளைக் குறித்த கால இடைவெளியில் நடத்த வேண்டும். எழுத்து வடிவிலான அனுமதியுடன், எந்தக் கணினி, எந்த நாட்கள் என்ற வரையறைக்குள், வல்லுநர்கள் வங்கியின் பூட்டுகளைத் திறந்து பார்க்கிறார்கள். தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்துபோன இயங்குதளங்களில் ஓடிய ஏ.டி.எம்.கள் அனைத்தையும் 2019 ஜூன் மாதத்திற்குள் மாற்றுமாறு அவ்வங்கி 2018இல் ஆணையிட்டது.

ஆயினும் எல்லாத் திருட்டுக்கும் பூட்டை உடைக்கத் தேவையில்லை. சாவியை நாமே கொடுத்துவிடுவதும் உண்டு. 2023 ஏப்ரலில் தேவஸ்தானத்தின் பெயரில் இயங்கிய போலி இணையதளம் ஒன்றின்மீது திருமலைக் காவல் துறை வழக்குப் பதிந்தது. அது அத்தகைய 41ஆவது போலித் தளம். அப்போதைய உண்மையான முகவரியில் புள்ளிகள் இருந்த இடங்களில் அதில் சிறுகோடுகள் இருந்தன. இறுதியில் அரசுத் தளங்களுக்குரிய ‘கவ் டாட் இன்’ இல்லை. தரிசனச் சீட்டுக்கு அவசரப்படும் கண்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் புலப்படாது.

இவ்வாறு பணத்தை இழந்தவர்கள் உடனே 1930 என்னும் எண்ணிலும் தம் வங்கியிலும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இங்கே தெளிவான கோடு ஒன்றை வரைந்தது. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி வேறெங்கோ நேர்ந்த ஊடுருவலால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் முறையிடுபவருக்கு இழப்பில் பொறுப்பில்லை என்றது அது. கடவுச்சொல்லைத் தாமே கொடுத்துவிட்டவருக்கோ, அதன்படி, வங்கியிடம் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையதாக இருந்தது. தெரிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியுடையதாக இருந்தது.